அங்க வெயில் இருக்கா?

அவர் போன் செய்தால் ஹலோ சொல்ல மாட்டார். "அங்க வெயில் இருக்கா?" என்றுதான் ஆரம்பிப்பார். முதல் தடவை எனக்கு அப்படி வந்தபோது, யாரோ நம்பர் மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று கட் செய்துவிட்டேன். உடனே மறுபடி அடித்தது. "அக்கா, நான்தாங்க, ஆபீஸ்ல பக்கத்து சீட்டு. உங்க பிளாக்குல வெயில் இருக்கா, மூடிகினு இருக்கா?" அன்று ஞாயிற்றுக்கிழமை. நான் குவார்ட்டர்ஸ் பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். நின்ற இடத்திலிருந்தே மேலே பார்த்து, இருக்கிறது என்றேன். "மரத்து நெழல்ல நின்னுகினு சொல்லாதீங்க. வெளிய வந்து பாத்துச் சொல்லுங்க" என்றார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஆனாலும் ஈரக்கையோடு செருப்பை மாட்டிக்கொண்டு ரோட்டுக்கு வந்து, நன்றாக அண்ணாந்து பார்த்துச் சொன்னேன். அவர் குரல் அப்படி. அதிகாரம் இருந்தால் மறுத்திருப்பேன். அதில் பயம்தான் இருந்தது.

எங்கள் ஆபீஸ் மந்தாரக்குப்பத்தில், ஒரு பெயின்ட் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் நடத்தினார். ஆள் நல்லவர்தான், ஆனால் எதற்கெடுத்தாலும் அவசரம். ரிப்போர்ட் டைப் செய்வதும் பில் போடுவதும் என் வேலை. என் வீட்டுக்காரர் நிலக்கரிச் சுரங்கத்தில் பெர்மனன்ட், அதனால் டவுன்ஷிப்பில் வீடு. பக்கத்து சீட்டு மேடத்துக்குக் காடாம்புலியூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊர். நிலம் இல்லாத வீடு. முந்திரித் தோப்புக் கூலியில் வளர்ந்து, அந்தத் தெருவிலிருந்து முதலில் காலேஜ் போனவர். மந்தாரக்குப்பத்தில் ஓர் அறை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தார். என்னைவிடப் பத்து வயதாவது சிறியவர். ஆனாலும் எல்லோருக்கும் அவர் வெயில் மேடம். நானும் மேடம் என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு நான் அக்கா.

சோலார் பேனல் போட நினைப்பவர்கள் முதலில் கேட்பது, இந்த நிலத்தில் வருஷத்துக்கு எவ்வளவு வெயில் விழும் என்பதைத்தான். அதைச் சொல்வது எங்கள் ஆபீஸின் தொழில். வெயிலை அளக்க, மேலே கண்ணாடிக் குமிழ் வைத்த ஒரு மிஷின் இருக்கிறது. பார்க்கச் சின்னது. விலையைக் கேட்டால் தொடப் பயமாக இருக்கும். அதனால் ஊருக்கு ஒன்று வைக்க முடியாது. எங்களிடம் நாலுதான் இருந்தன. ஆபீஸ் மொட்டைமாடியில் ஒன்று, விருத்தாசலம் பக்கம் ஒன்று, கடலூர்ப் பக்கம் ஒன்று, காடாம்புலியூர் தாண்டி ஒரு பள்ளிக்கூட மாடியில் ஒன்று. இந்த நாலுக்கும் நடுவில் கிடக்கும் அத்தனை ஊர் வெயிலையும் மேடம்தான் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு, மேப்பாக வரைந்து தருவார்.

இல்லாத இடத்து வெயிலை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"தெருவுல ஒரு வூடு சாத்திக் கெடக்குதுங்க அக்கா. உள்ள இருக்குறவங்க எப்பிடி இருக்காங்கன்னு தெரியணும். என்னா பண்ணுவீங்க? பக்கத்து வூட்டுல கேப்பீங்க, எதிர் வூட்டுல கேப்பீங்க, தெருக்கோடியிலயும் கேப்பீங்க. பக்கத்து வூடு சொல்றத நெறைய நம்புவீங்க. தெருக்கோடி சொல்றதக் கொஞ்சமா நம்புவீங்க. எல்லாத்தையும் சேத்து ஒரு முடிவுக்கு வருவீங்க. அவ்ளோதாங்க."

"சுலபமாத்தான் இருக்கு" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "வூடு இன்னும் சாத்தித்தான இருக்குதுங்க" என்றார்.

அதுதான் அவர். ஒரு மேப் கேட்டால் இரண்டு தருவார். முதல் மேப்பில் வெயில் இருக்கும். மஞ்சள், ஆரஞ்சு என்று பார்க்க அழகாக இருக்கும். இரண்டாவது மேப், முதல் மேப்பை எங்கே நம்பலாம், எங்கே நம்பக்கூடாது என்பதற்கு. மிஷின் இருக்கும் இடத்தைச் சுற்றி வெள்ளையாக இருக்கும். தள்ளிப் போகப் போகக் கறுத்துக்கொண்டே போகும். வாடிக்கையாளர்கள் முதலாவதை எடுத்துக்கொண்டு இரண்டாவதை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். முதலாளி ஒருநாள், "இந்தக் கறுப்பு மேப்பப் பாத்தா பார்ட்டி பயந்துக்கறாங்க மேடம்" என்றார். "பயப்படறதுக்குத்தாங்க சார் அது" என்று இவர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். எதிர்த்துப் பேசுகிறோம் என்றே அவருக்குத் தெரியாது.

அவரோடு பக்கத்து சீட்டில் இருப்பது சுலபமில்லை. ரிப்போர்ட்டை அனுப்பச் சொல்லிவிட்டு, நான் பொத்தானைத் தொடும்போது, "இருங்கக்கா, ஒரே ஒருக்கா பாத்துடறேன்" என்பார். அந்த ஒரே ஒருக்கா சாப்பாட்டு நேரம் வரை போகும். ரூமைப் பூட்டிக்கொண்டு வந்தவர், பூட்டினோமா என்ற சந்தேகத்தில் பாதி வழியில் திரும்புவார். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துவிட்டு மாடிப்படிக்கு வந்து, வெளியே உள்ளங்கையை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். கையில் விழும் சூட்டைப் பார்க்கிறாராம். பிறகு உள்ளே ஓடி, மொட்டைமாடி மிஷின் காட்டும் அளவோடு ஒத்துப் போகிறதா என்று பார்ப்பார். ஒத்துப் போகாவிட்டால் அன்று தயிர்ச்சாதம் காய்ந்துதான் போகும். இந்த மனுஷிக்கு எதற்கு இவ்வளவு படபடப்பு என்று நான் வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

கம்ப்யூட்டர் போதாதென்று அவர் ஆட்களையும் வைத்திருந்தார். பண்ருட்டி பஸ் கண்டக்டர் ஒருவர், செங்கல் சூளை வைத்திருந்த ஓர் அம்மா, காடாம்புலியூரில் ஒரு டீக்கடைக்காரர். இவர்களுக்கெல்லாம் தினமும் மதியம் போன் போகும். அங்க வெயில் இருக்கா. அவர்களும் சலிக்காமல் வெளியே வந்து பார்த்துச் சொல்வார்கள். சில நாள் அவர் கூப்பிடத் தாமதமானால் அவர்களே ஆபீஸ் நம்பருக்குப் போட்டு, "மேடத்துகிட்ட சொல்லிடுங்க, இங்க மப்பா இருக்கு" என்று சொல்லிவிட்டு வைப்பார்கள்.

ஒருமுறை டவுன்ஷிப்பில் எங்கள் வீட்டுக்கு வந்தவரை என் வீட்டுக்காரர் சுரங்கம் காட்டக் கூட்டிப் போனார். நானும் போனேன். அந்தப் பெரிய பள்ளத்தை மேட்டில் நின்று பார்க்கிறவர்கள் வழக்கமாக எவ்வளவு ஆழம், மிஷின் எவ்வளவு பெரிது என்று கேட்பார்கள். இவர் கீழேயே பார்க்கவில்லை. நாங்கள் நின்ற கரையைப் பார்த்தார். தூரத்தில் தெரிந்த எதிர்க்கரையைப் பார்த்தார். "இந்தப் பக்கமும் தரை, அந்தப் பக்கமும் தரை. ரெண்டும் ஒரே மட்டம்" என்றார். "என் கம்ப்யூட்டர்கிட்ட இந்த ரெண்டை மட்டும் குடுத்தா, நடுவுலயும் தரைதான் இருக்குன்னு சொல்லும். சத்தியம் பண்ணிச் சொல்லும்." அப்புறம் தடுப்புக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். திரும்பி வரும்போது என் வீட்டுக்காரர், "உன் சிநேகிதி கொஞ்சம் ஒரு மாதிரிதான்" என்று காதோடு சொன்னார். எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது.

அந்த எண்ணம் மாறியதற்கு என் மகள் காரணம். அவள் அப்போது கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாளாக போன் எடுக்கவில்லை. பரீட்சை சமயம், படிக்கிறேன் என்று மெசேஜ் மட்டும் வந்தது. ரூம் தோழியைக் கேட்டேன், நல்லா இருக்கா ஆன்ட்டி என்றாள். பக்கத்து அறைப் பெண்ணும் அதையே சொன்னாள். வார்டனும் சொன்னார். நிம்மதியாக பில் போட உட்கார்ந்தேன். மேடம் என் பக்கம் நாற்காலியைத் திருப்பினார்.

"மூணு பேரும் நல்லா இருக்கான்னு சொன்னாங்க. பொண்ணு சொல்லிச்சா?"

"மூணு பேர் சொல்றப்ப என்ன மேடம்?"

"சுத்தி இருக்குறவங்க நல்லா இருந்தா நடுவுல இருக்குறவங்களும் நல்லா இருப்பாங்கன்னு அர்த்தம் இல்லீங்கக்கா. அது கணக்கு. பொண்ணு குரலக் கேளுங்க."

எரிச்சலோடுதான் வார்டனை மறுபடி கூப்பிட்டு, போனை அவள் கையில் கொடுக்கச் சொன்னேன். அவள் "அம்மா" என்ற ஒரு சொல்லிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. இரண்டு நாளாகக் காய்ச்சல். அம்மாவிடம் சொன்னால் பரீட்சையை விட்டுவிட்டு வரச் சொல்வாள் என்று எல்லோர் வாயையும் கட்டிவைத்திருக்கிறாள். அன்றே பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரியில் சேர்த்த டாக்டர், இன்னும் ஒருநாள் விட்டிருந்தால் கஷ்டம் என்றார். திரும்பி வந்து மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவருக்கு ஒரே கூச்சம். "அங்க இப்ப வெயிலுங்களா?" என்று பேச்சை மாற்றினார்.

அதற்கப்புறம்தான் அந்த வேலை வந்தது.

சென்னையிலிருந்து ஒரு பார்ட்டி, பெரிதாக சோலார் பிளான்ட் போட இடம் பார்த்தார்கள். இரண்டு தரிசு நிலங்கள். ஒன்று விருத்தாசலம் பக்கம். இன்னொன்று மேடத்தின் ஊருக்குப் பக்கத்தில். இரண்டில் எங்கே வெயில் அதிகமோ அங்கே பிளான்ட். வந்தால் காவலுக்கு, பேனல் கழுவ, புல் வெட்ட என்று சுற்றுப்பட்டு ஊர் ஆட்களைத்தான் எடுப்பார்கள். முந்திரி சீசன் முடிந்தால் வேலைக்கு அலையும் ஊர் அது. மேடத்தின் அம்மாவிலிருந்து டீக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. "நம்ம பொண்ணுதான் வெயிலு போடுது" என்று ஊரே பேசிக்கொண்டது. இவருக்கு அதைக் கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை.

"வேற யாராவது போடட்டுங்க சார்" என்று முதலாளியிடம் கேட்டுப் பார்த்தார். வேறு யார் இருக்கிறார்கள்? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

கணக்குப் போட்டதில் இவர் ஊர்ப்பக்கம் வெயில் குறைவாக வந்தது. பள்ளிக்கூட மாடி மிஷின்தான் அதற்கு மிகப் பக்கம். அது காலையில் மற்ற மூன்றோடும் ஒத்துப் போனது. மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மேல் மட்டும் அளவு படுத்துவிட்டது. சில நாள் படுக்காமலும் இருந்தது. டீக்கடைக்காரரோ, மண்டையைப் பிளக்கிறது வெயில் என்கிறார். மேடம் நகத்தைக் கடித்துத் துப்பிவிட்டார். "முந்திரி வறுக்கிற பொகையா இருக்கலாங்கக்கா. மதியத்துலதான் சுத்துவட்டாரத்துல அடுப்பு மூட்டுவாங்க. பொகை மேல நின்னா வெயிலு நெசமாவே கொறையும். மிஷின் கெட்டிருந்தாலும் இப்பிடிக் காட்டும். எதுன்னு தெரியல." நேரில் போய்ப் பார்க்காமல் தீராது என்று தெரிந்தது. தனியாக விட்டால் பாதி வழியில் ரூம் பூட்டைப் பார்க்கத் திரும்பிவிடுவார் என்று நானும் கூடப் போனேன்.

சாப்பாட்டு மணி அடிக்கும்போது நாங்கள் பள்ளிக்கூட மாடியில் இருந்தோம். மிஷின் சுத்தமாக இருந்தது. குமிழ் பளபளவென்று துடைக்கப்பட்டிருந்தது. மேடம் குனிந்து ஒவ்வொரு ஒயராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது படியேறி ஒரு பெண் வந்தார். பள்ளிக்கூட ஆயா. கையில் நைந்த வெள்ளைப் புடவைத் துண்டு ஒன்று. எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நேராக மிஷினிடம் போய் அந்தத் துணியை அதன் மேல் பந்தல் போல விரித்து, நாலு மூலையிலும் செங்கல் வைத்தார்.

"என்னா பண்றீங்க?" என்று மேடம் கேட்ட குரல் எனக்கே கேட்கவில்லை.

"வெல ஜாஸ்தி மிஷினு, பத்தரமா பாத்துக்கன்னு எட்மாஸ்டரு சொல்லிகினே இருப்பாரும்மா. உச்சி வெயிலு கண்ணாடி மேல அடிச்சா கெட்டுப்பூடாதா? அதான் தெனம் சோத்து மணிக்கு வந்து மூடிட்டுப் போவேன். காலையில தொறந்து, தொடச்சி வுட்டுடுவேன். எப்பனாச்சும் மறந்தா மனசே ஆறாது." 

வெயிலை அளக்கிற மிஷினை வெயில் படாமல் காப்பாற்றியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மேடத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். அவர் ஆயாவின் கையைப் பிடித்திருந்தார்.

"இது வெயிலு குடிக்கிற மிஷினுங்க. எவ்ளோ குடிக்கிதுன்னு பாக்கத்தான் வெச்சிருக்கோம்."

ஆயா வாயில் கை வைத்துக்கொண்டார். "அப்பிடின்னா இத்தினி நாளா நான் பட்டினி போட்டுட்டனாம்மா?"

"பரவால்லீங்க. இனிமே மூடாதீங்க."

"எட்மாஸ்டருக்குத் தெரிஞ்சா நிறுத்திப்புடுவாரும்மா. தற்காலிகம்தான் நானு. ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்குது."

மேடம் துணியை மடித்து அவர் கையில் கொடுத்தார். பஸ்ஸில் திரும்பும்போது புகை எழும் இடங்களையே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கோ பெரிய பாரம் இறங்கியது போலிருந்தது. காரணம் தெரிந்துவிட்டது, இனி ஊருக்குப் பிளான்ட் வந்துவிடும் என்று நினைத்தேன். இவர் முகத்தில் அந்தக் களை இல்லை.

மறுநாள் முதலாளியிடம், பள்ளிக்கூட மிஷினின் மதிய அளவை எடுத்துக்கொள்ள முடியாது, மேலே மறைப்பு இருந்திருக்கிறது என்றார்.

"யாருங்க மறைச்சது?"

"தெரியலீங்க சார்."

நான் தலையை நிமிர்த்திப் பார்த்தேன். தெரியாததைத் தெரியும் என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. தெரிந்ததைத் தெரியாது என்று சொன்னது அன்று ஒருமுறைதான்.

முதலாளிக்குச் சந்தோஷம். "அப்ப விடுங்க. மத்த மூணு மிஷின வெச்சு மதியத்த நிரப்பிருங்க. உங்க ஊர்ல வெயில் நல்லா வந்துரும். நெலமும் அங்கதான் சல்லிசு. பார்ட்டி அங்கயே போட்டுருவாங்க. உங்க ஊருக்குத்தானுங்க நல்லது?"

"அதாலதாங்க சார் பயமா இருக்குது."

"என்னங்க பயம்?"

"மூணு மிஷினும் பொகை இல்லாத எடத்துல இருக்குது. எங்க ஊருல பொகை இருக்குது. அது வெயில எவ்ளோ கொறைக்குதுன்னு யாரும் அளந்ததில்ல. நான் நிரப்பினா எனக்குப் புடிச்ச மாதிரி நிரப்பினதாத்தாங்க ஆவும். நாளைக்குப் பிளான்ட்டு போட்டு, கரண்டு கொறஞ்சா மூடிட்டுப் பூடுவாங்க. வேலைன்னு நம்பி வந்த சனம் அப்ப என்னா பண்ணும்?"

"இப்ப என்னதான் போடச் சொல்றீங்க?"

"இங்க தெரியாதுன்னு போடுங்க சார். ஒரு வருசம் மூடாம அளந்துட்டு அப்பறம் சொல்லலாம்."

முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "தெரியாதுன்னு சொல்றதுக்கு எதுக்குங்க ஆபீஸ்?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அன்று மேடம் இரண்டு மேப் தந்தார். இரண்டாவதில் அவர் ஊர் இருந்த இடம் மையாகக் கறுத்திருந்தது. நான்தான் அனுப்பினேன். பொத்தானைத் தொடும்போது ஒருக்கா பாக்கணுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

ஒரு வருஷம் யார் காத்திருப்பார்கள்? பார்ட்டி விருத்தாசலம் பக்கம் போய்விட்டது. போகிறவர்கள் சும்மா போகவில்லை. நிலம் காட்ட வந்த புரோக்கரிடம், உங்கள் ஊர்ப் பெண்ணே தெரியாது என்று எழுதிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அது ஊருக்குள் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்? அவர் அம்மாவை வேலைக்களத்தில் வைத்தே கேட்டார்களாம். படிக்க வெச்சதுக்கு நல்லா செஞ்சிட்டா உம் பொண்ணு. ஊர் வாயில மண்ணள்ளிப் போட்டுட்டா. முதலாளியும், வேலை கம்மியாக இருக்கிறது, கொஞ்ச நாள் வீட்டில் இருங்கள், கூப்பிடுகிறேன் என்றார். கூப்பிடவில்லை. மேடம் ரூமைக் காலி செய்துகொண்டு ஊருக்கே போனார். பஸ் ஏற்றிவிட நான் போயிருந்தேன். "ரூம பூட்டினமாக்கா?" என்று கேட்டார். சாவியையே ஒப்படைத்தாகிவிட்டது என்றேன்.

கொஞ்ச நாள் போனில் பேசினார். அப்புறம் மணி அடித்துக்கொண்டே இருக்கும். அப்புறம் அதுவும் இல்லை, சுவிட்ச் ஆஃப்.

ஆனால் மதியமானால் ஆபீஸ் போன் அடிக்கும். "மேடத்துகிட்ட சொல்லிடுங்க, பண்ருட்டியில நல்ல வெயிலு." "சூளைப் பக்கம் மேகமா இருக்கும்மா." டீக்கடைக்காரர் கூப்பிடுவார். பள்ளிக்கூட ஆயாவும் சேர்ந்துகொண்டார். "இப்ப மூடறதே இல்லன்னு சொல்லும்மா. நல்லா குடிக்கிது." அந்த மிஷினுக்கு முதலாளி சிம் கார்டுக்குப் பணம் கட்டுவதை நிறுத்தி மாதக்கணக்காகியிருந்தது. அது குடித்த வெயில் எங்கள் கம்ப்யூட்டருக்கு வரவே இல்லை. இதையெல்லாம் நிறுத்தச் சொல்லுங்கள் என்று முதலாளி சொன்னார். நான் நிறுத்தச் சொல்லவில்லை. அந்த நேரத்துக்கு அந்த போன் அடிக்காவிட்டால் எனக்குத்தான் என்னவோ போலிருக்கும்.

ஒவ்வொருவரிடமும், மேடம் எப்படி இருக்கிறார் என்று விசாரிப்பேன். நல்லா இருக்காங்க, பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறார்களாம் என்றார் கண்டக்டர். நல்லா இருக்குதாம் என்றார் டீக்கடைக்காரர். சூளைக்காரம்மாவும் சொன்னார், ஆயாவும் சொன்னார். சரி, நன்றாக இருக்கிறார் என்று நானும் பில் போட உட்கார்ந்தேன். உட்கார்ந்தவளுக்குக் கை ஓடவில்லை. பக்கத்து நாற்காலி காலியாக என் பக்கம் திரும்பி இருந்தது.

ஆயாவைத் திருப்பிக் கூப்பிட்டேன். "நீங்க மேடத்தைப் பாத்தீங்களா?"

"நான் பாக்கலம்மா. டீக்கட அண்ணன்தான் சொல்லிச்சு."

டீக்கடைக்காரரைக் கேட்டேன். கண்டக்டர் சொன்னாராம். கண்டக்டரைக் கேட்டேன். ஆயா சொன்னதாகச் சொன்னார். யாரும் பார்க்கவில்லை. எனக்கு என் மகள் "அம்மா" என்று கூப்பிட்ட குரல் ஞாபகம் வந்தது. முதலாளியிடம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அந்த வழி முழுக்க எனக்குக் கெட்ட கெட்ட நினைப்பாகவே வந்தது. பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றபோது டிரைவரைத் திட்டிக்கொண்டே போனேன்.

அவர் வீட்டைக் கண்டுபிடித்தபோது வாசலில் பூட்டு இல்லை. உள்ளே தாழ் போட்டிருந்தது. அம்மா வேலைக்குப் போயிருக்க வேண்டும். முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண் கறை படிந்த கையோடு எட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது. வெளியதான் வர்றதில்ல" என்றார். நான் கதவைத் தட்டினேன். பெயர் சொல்லித் தட்டினேன். மேடம் என்று தட்டினேன். கடைசியில் தாழ் விலகும் சத்தம் கேட்டது.

திறந்தார். நல்ல மதியத்தில் உள்ளே இருட்டாக இருந்தது. ஜன்னலையும் சாத்தி, சந்தில் துணி அடைத்திருந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. தலை எண்ணெய் கண்டு எத்தனை நாள் ஆயிற்றோ தெரியவில்லை. உள்ளங்கை வெளுத்துக் கிடந்தது. டியூஷனும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. உயிரோடு பார்த்தேனே என்றிருந்தது எனக்கு.

"எப்படி இருக்கீங்க மேடம்?"

"நல்லாத்தாங்கக்கா இருக்கேன்" என்றார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். எதிரில் சுவரோரம் உட்கார்ந்துகொண்டார். ஊரார் பேசியதை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருப்பது? எனக்கு ஒன்றுதான் தோன்றியது.

"மேடம், இங்க வெயில் இருக்கா?"

"வெயில்லதான வந்தீங்க. இருக்கும்ங்க."

"உள்ள உக்காந்துகிட்டுச் சொல்லாதீங்க. வெளிய வந்து பாத்துச் சொல்லுங்க."

என்னையே பார்த்தார். நான் விட்டுக்கொடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரைப் பிடித்து எழுந்தார். வாசல்படியில் தயங்கினார். பக்கத்து வீட்டுப் பெண் கொட்டை உடைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். எதிர்வீட்டிலும் யாரோ வந்து நின்றார்கள். மேடம் தெருவில் இறங்கி, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை நீட்டினார். முந்திரிப் புகை வாசனை லேசாக வந்துகொண்டிருந்தது. அந்த ஊர் மதிய வெயிலை அதுவரை யாரும் நேராக அளந்ததில்லை. 

நீட்டிய கையை மடக்காமலே நின்றார். கண் மூடியிருந்தது, தண்ணீர் மட்டும் இறங்கியது.

"பக்கத்துல இருக்குறவங்க சொல்றதவிடக் கொறைச்சலாத்தாங்கக்கா இருக்குது" என்றார்.

"சரி மேடம், எழுதிக்கிறேன்" என்று சொல்லி, நானும் இறங்கி அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.